முப்பது பாகம் பின்னால்

தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தேன். கழுத்துவரை களப்பு, கடலை ஒட்டிய உப்பேரி. இரண்டு காலும் ஒரே பலகையில், ஒன்றின் பின் ஒன்றாக, இறப்பர் சப்பாத்துக்குள் இறுகியிருந்தன. பலகையின் மூக்கு மட்டும் எனக்கு முன்னால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தால் ஓடிய கயிறு, முப்பது பாகம், அதாவது முப்பது ஆள் கைவிரிப்புத் தூரம், தள்ளி நின்ற எங்கள் போட்டின் பின்புறத்தில் போய் முடிந்தது.

என்னைப் போல இன்னும் ஐந்து பேர் வரிசையாக மிதந்தார்கள். ஐவரும் கொழும்புப் பக்கத்துக்காரர்கள். எனக்கு அடுத்திருந்தவர் ஹெல்மட்டுக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இருந்தார். பெற்றோல் மணம் தண்ணீருக்கு மேல் படர்ந்து நின்றது. கழுத்தில் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் ஒன்று தொட்டுப்போய் அரித்தது. இரண்டு கையிலும் கைபிடி இருந்ததால் சொறிய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, போட்டிருந்த நல்ல உடுப்புகளோடு சனம் கரைக்கு வந்திருந்தது. எங்களுடைய ஆட்களுக்கு மத்தியான லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. காற்று எழும்புவதற்கும் இன்னும் நேரம் இருந்தது. இந்த மூன்றையும் பார்த்துத்தான் அந்த நேரத்தைக் குறித்திருந்தார்கள்.

என் மண்டைக்குள் முதலாளியின் கதை மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி என்றால் நான் வேலை செய்த கடற்கரை விடுதியின் சொந்தக்காரர். அதிகம் பேசாத மனிதர். இரண்டு நாளைக்கு முன் என்னைக் கூப்பிட்டு, முதலாவதாக வரத் தேவையில்லை, ஐந்து சுற்றையும் முடித்துக் காட்டு, முடித்தால் விடுதிக்காகப் பந்தயம் ஓடுகிற இடம் உன்னுடையது, முடியாவிட்டால் கொழும்பிலிருந்து ஒரு ஆளை எடுப்பேன் என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

முடித்துக் காட்டு என்பது சின்னச் சொல். எனக்கு முப்பத்து நான்கு வயது. அதுவரை எதையும் முடித்ததில்லை.

காற்று விழுந்த மாதங்கள்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் ஓட்டம் பழகிப்போயிருக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வாப்பா மவுத்தாகிக் கண்ணை மூடிய வருடம் அது. பிறகு கரைவலை, பாலாவிப் பக்கம் உப்பளம், மதுரங்குளியில் லொறியில் கை உதவி, வண்ணாத்திவில்லில் கஜுத் தோட்டக் காவல், கட்டாரில் தண்ணீர் பவுசர் வண்டி. எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போது போக வேண்டும்போல் இருக்கும், போய்விடுவேன். உம்மா இருந்தவரை, இவனுக்குப் பாயில் முள் முளைக்கிறது என்பார்.

கட்டாரிலிருந்து வந்ததும் கற்பிட்டியில் ஒரு விடுதியில் சேர்ந்தேன். வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் பாய்வார்கள். கரையில் நின்று அந்தப் பட்டத்தைப் பிடித்துக் கொடுப்பதும், இறங்கும்போது அமுக்கிப் பிடிப்பதும் என் வேலை. காற்றுக் காலம் முழுக்க வாய்க்குள் மணல். சாப்பாட்டுக்குப் பாணைக் கடித்தாலும் நறநறக்கும்.

காற்று விழுந்தால் விடுதியும் விழுந்துவிடும். கதிரைகளைக் கவிழ்த்துப் போட்டுவிடுவோம். ஆனால் அந்த மாதங்களில், விடிந்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குக் களப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டதுபோல அலை படுத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் முதலாளிக்கு நீர்ச்சறுக்குப் பந்தயம் என்ற யோசனை வந்தது. பெரிய இன்ஜின் பூட்டிய நீட்டுப் போட் ஒன்று வந்தது. கூடவே, ஓட்டத்தைப் பழக்குவதற்கு ஷெனாலி மிஸ் வந்தார்.

ஷெனாலி மிஸ் கொழும்புக்காரி. அப்போது அவருக்கு இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். முன்பு பந்தயம் ஓடியவர். முழங்கால் இரண்டு முறை உடைந்ததால் நிறுத்திவிட்டார். படி ஏறும்போது ஒரு காலை மெல்லத் தூக்கி வைப்பார். சிங்களவர். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் கதைப்பார், எல்லாவற்றையும் கட்டளையாகத்தான் கதைப்பார். அவரிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.

புதுப் போட் பாரம் இழுக்கிறதா என்று பார்க்கக் கயிற்றின் முனையில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. குசினியில் இருந்தவர்கள் எல்லாருக்கும் திடீரென்று வெங்காயம் உரிக்கிற வேலை வந்துவிட்டது. நான் போனேன்.

முதல் இழுவையிலேயே எழும்பி நின்றுவிட்டேன்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பந்தயச் சறுக்கில் கைபிடி இரண்டு. ஒன்றை முன்னால் ஒரு கையால் பிடிக்க வேண்டும். மற்றதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறு கையால் இடுப்போடு பிடிக்க வேண்டும். கயிறு இடுப்பைச் சுற்றி வரும். காலை ஊன்றி, பின்பக்கம் சாய்ந்து, பாரத்தை இடுப்பில் வாங்க வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பழக்க ஒரு மாதம் போகுமாம். கரைவலை இழுத்தவனுக்குப் பழக்க வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் இடுப்பில் ஒரு வாரைக் கட்டி, அதை வலைக் கயிற்றில் கொளுவிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து பின்னால் நடப்போம். அந்தச் சாய்வு எலும்பில் ஊறிவிட்டது.

போட்டில் இருந்து மிஸ் கைதட்டியது தெரிந்தது. அடுத்த நிமிடம் ஒரு சின்ன அலையில் பலகை புரண்டு விழுந்தேன்.

விழுந்ததில் பிழையில்லை. நான் கயிற்றை விடவில்லை. அதுதான் பிழை.

விடாத கை

வேகமாக இழுபடும்போது தண்ணீர் தண்ணீர்போல இருக்காது. மூக்கால் ஏறி மண்டைக்குள் அடிக்கும். காதில் கத்தியால் குத்துவதுபோல இருக்கும். போட் நின்ற பிறகுதான் மேலே வந்தேன். இரண்டு கைபிடியும் இரண்டு கையிலும் இருந்தன.

"ஏன் விடல்ல?" மிஸ் போட்டில் இருந்து குனிந்து கேட்டார்.

நான் இருமிக்கொண்டே, விடவேண்டும் என்று தோன்றவில்லை என்றேன்.

"விழுந்தா விடு. கைய தொற. அவ்வளவுதான். அதாரின்ன, நானா, அதாரின்ன." நானா என்றால் எங்கள் ஆட்களுக்கு அண்ணன், அதாரின்ன என்றால் சிங்களத்தில் விடு. பிறகு வந்த வாரங்களில் என் பெயரைவிட அந்தச் சொல்லைத்தான் அதிகம் கேட்டேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பதினைந்து வயதில் கண்டக்குளிக் கரையில் வலை இழுத்தேன். ஒரு பக்கக் கயிற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம். ஒருநாள் காலில் சங்கு ஓடு குத்தி, ஒரு நொடி கயிற்றை விட்டுவிட்டேன். பாரம் முழுக்க எனக்குப் பின்னால் நின்ற ஆளின் கைக்குப் போனது. கயிறு அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. வெயில் பட்ட இறாலின் நிறத்தில் இருந்தது அந்தக் கை.

என்னை யாரும் அடிக்கவில்லை. சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று எல்லாருக்கும் கறிக்கு மீன் கொடுத்தபோது எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஒரு கிழமைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. நான் தனியாகக் கட்டுமரத்தின் நிழலில் இருந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு கயிறு என்றால் என் கை திறக்காது.

இதையெல்லாம் மிஸ்ஸுக்கு விளங்கப்படுத்த என் சிங்களம் போதும். ஆனால் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் செய்தது வேறு. கரையில் என்னை நிறுத்திக் கயிற்றைக் கொடுத்தார். மறுமுனையை இரண்டு பேர் இழுக்க வேண்டும். அவர் கைதட்டினால் நான் விட வேண்டும். கைதட்டுவார். நான் விடமாட்டேன். முகம் குப்புற மணலில் போய் விழுவேன். ஒரு காலைக்கு இருபது முறை.

வலை இழுத்துவிட்டுப் போன ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் மிஸ்ஸிடம் சிங்களத்தில், இப்படி ஒரு கை எங்களுக்குக் கிடைக்காது, ஏன் நோனா அதைக் கெடுக்கிறீர்கள், வேண்டாமென்றால் எங்களிடம் தாருங்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தேன்.

இருபதில் ஐந்து விட்டேன். பிறகு பத்து. கடைசியில் பதினெட்டு வரை வந்தது. மிஸ் அதோடு திருப்திப்பட்டார். நானும்தான். அந்த மிச்சம் இரண்டைப் பற்றி நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

பின்பக்கம் பார்த்து இருந்தவன்

பந்தயப் போட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஓட்டுவார். அவர் முன்னால் மட்டும்தான் பார்க்கலாம். மற்றவர் அவருக்குப் பக்கத்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, கயிற்றின் முனையில் வருபவனை மட்டும் பார்க்க வேண்டும். அவன் விழுந்தால் உடனே கொடியைத் தூக்க வேண்டும், ஓட்டுபவரின் தோளில் தட்ட வேண்டும். போட் திரும்பி வந்து கயிற்றைக் கொடுக்கும். விழுந்தவன் மறுபடி எழும்பிப் பந்தயத்தைத் தொடரலாம். நேரம்தான் போகும், பந்தயம் போகாது.

எங்கள் போட்டை ஓட்டியவர் அன்வர் மச்சான். என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். களப்பில் எந்த இடத்தில் எத்தனை முழம் தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ராத்தாவுக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை. வேறு ஆள் ஓட்டி நீ செத்தால் நான் யாரிடம் கேட்பேன் என்று சொல்லி அவரை அனுப்பினாள்.

பின்பக்கம் பார்த்து இருந்தவன் மனுவேல். குறிஞ்சிப்பிட்டிக்காரன், கரைவலையில் எனக்கு முன்னால் நின்று இழுத்தவன். இருபது வருடமாகக் கடலில் இருப்பவன். முதல் நாள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தான். பிறந்ததிலிருந்து போட்டில் முன்னால் பார்த்துத்தான் போயிருக்கிறான். மீன்காரனுக்குக் கடல் மயக்கம் வந்த கதை அன்று மத்தியானத்துக்குள் குறிஞ்சிப்பிட்டி முழுக்கப் போய்விட்டது. அவன் மனைவி முகர்ந்து பார்க்கத் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, ஒன்றைப் பையில் போட்டு அனுப்பத் தொடங்கினாள்.

ஒரு வாரத்தில் பழகிவிட்டான். என் முகத்தைப் பார்த்தே கால் நோகிறதா என்று சொல்லும் அளவுக்குப் பழகினான்.

ஐந்தாவது சுற்று

கொடி விழுந்தது. ஆறு இன்ஜினும் ஒரே நேரத்தில் கத்தின. கயிறு விறைத்து, தண்ணீர் நெஞ்சை அடித்து, அடுத்த கணம் நான் களப்பின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

பந்தயத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பார்ப்பவர்களுக்கு அது வேகம். ஓடுபவனுக்கு அது தொடை. முதல் சுற்றில் தொடை சூடாகும், இரண்டாவதில் நடுங்கும், மூன்றாவதில் அது உன்னுடைய தொடை என்பதே மறந்துவிடும். மற்றப் போட்கள் கிழித்துவிட்ட அலைகள் குறுக்கே வரும். ஒவ்வொன்றையும் முழங்காலால் விழுங்க வேண்டும். கண்ணீர் பின்பக்கமாக ஓடிக் காதுக்குள் போகும்.

நாலாவது சுற்றில் ஒருவரை முந்தினோம். ஐந்தாவது சுற்றில் மிதவையைத் திரும்பும்போது நாங்கள் நாலாவது. மனுவேல் நான்கு விரலைக் காட்டினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

கரை நெருங்கியது. முடிவுக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நட்டிருந்த சிவப்புக் கொடிகள் தெரிந்தன. போட் அவற்றுக்கு நடுவால் பாய்ந்தது. கரையில் சனம் கத்தியது.

போட் தாண்டிவிட்டது. நான் தாண்டவில்லை. கணக்கு எனக்குத்தான், போட்டுக்கு இல்லை. நான் முப்பது பாகம் பின்னால் இருந்தேன்.

அந்த முப்பது பாகத்துக்குள், பாதி வழியில், முழங்கால் மடிந்தது. அலை ஒன்றும் பெரிதாக இல்லை. கால் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பலகை கழன்று போனது. நான் பக்கவாட்டில் விழுந்தேன். கை திறக்கவில்லை. முன் கைபிடி உருவிப் போனது, பின் கைபிடி என் இடக்கையோடு முதுகுக்குப் பின்னால் நின்றது. தோள் கழன்ற சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. ஈர விறகை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே இழுபட்டு, முகம் தண்ணீருக்குள் இருக்க, கோட்டைத் தாண்டினேன்.

தாண்டிய பிறகும் போட் நிற்கவில்லை. கொடி எழும்பவில்லை.

மச்சான்தான் கயிற்றின் இழுவை மாறியதை இன்ஜினில் உணர்ந்து வேகத்தைக் குறைத்தார். என்னைத் தூக்கிப் போட்டில் போட்டார்கள். "முடிச்சிட்டம்டா, நாலாவது," என்றான் மனுவேல்.

நடுவராக வந்திருந்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். கோபமில்லாதவர். கரையில் எங்களை நிறுத்தி, சறுக்குபவன் நின்றபடி கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு என்றார். அது எங்களுக்கும் தெரியும். விழுந்த உடனே கொடியைத் தூக்கி, திரும்பிப் போய்க் கயிற்றைக் கொடுத்திருந்தால், எழும்பி அந்தப் பதினைந்து பாகத்தை ஓடியிருக்கலாம் என்றார். இன்னும் இரண்டு போட் பின்னாலிருந்தன. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்திருப்பீர்கள் என்றார். பிறகு மனுவேல் பக்கம் திரும்பி, ஏன் கொடியைத் தூக்கவில்லை என்று கேட்டார்.

மனுவேலுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"அவன் விழல்லயே சேர்," என்றான். "கயிறு கையிலதான இருந்திச்சு."

மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். மனுவேலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியது என்று நினைக்கிறேன். நடுவர் தன் தாளில் எங்கள் பெயருக்கு எதிரே நேரம் எழுதவில்லை. ஒரு கோடு போட்டார்.

மச்சான் ஒரு பக்கமாகப் போய் நின்று இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வான் வண்டியில் போகும்போது வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"நான் செல்லியிருக்கணும் மச்சான். ரெண்டு பேரும் கரவலக்காரனா இரிக்கப்படாது. ஒருத்தனாவது பிடிக்கத் தெரியாதவனா இரிக்கணும்."

ஒற்றைக் கை

முதலாளி சொன்னதைச் செய்தார். கொழும்பிலிருந்து ஒரு ஆள் வந்தார். நல்ல மனிதர், நன்றாக ஓடினார். எனக்குக் கோபமில்லை. நான் முடிக்கவில்லை, அவர் வந்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் பையைக் கட்டுவேன். கட்டவும் செய்தேன். மன்னாரில் கடலட்டை பிடிக்கிற போட்டில் ஒரு இடம் இருந்தது. கை சுகமானதும் வா என்று சொல்லியிருந்தார்கள். இடக்கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, ஹெல்மட்டைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று விடுதிக்குப் போனேன்.

மிஸ் இறங்குதுறையில் நின்றிருந்தார். மனுவேல் வருவதில்லை. தன்னால்தான் என் தோள் போனது என்று வெட்கப்பட்டு, கடலுக்கே திரும்பிவிட்டான். பின்பக்கம் பார்க்க ஆளில்லை. மிஸ் ஹெல்மட்டை வாங்கவில்லை.

"ஒரு கை போதும்," என்றார். "கொடி தூக்க ஒரு கை போதும். ஏறு."

ஏறினேன். வேறு வேலையும் இருக்கவில்லை.

அன்று மட்டும் என்று நினைத்து ஏறியவன், தோள் ஆறும்வரை அந்த இடத்திலேயே இருந்தேன். ஆரம்பத்தில் எனக்கும் தேசிக்காய் தேவைப்பட்டது. பிறகு பார்க்கத் தொடங்கினேன். விழுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததே இல்லை, விழுந்துதான் இருக்கிறேன். விழுவது தண்ணீரில் தொடங்குவதில்லை. முதலில் முழங்காலில் ஒரு சின்னத் தளர்ச்சி வரும். பிறகு இடுப்பு ஒரு விரல் அகலம் பின்னால் போகும். தலை அதற்குப் பிறகுதான். அந்தக் கொழும்பு ஆள், இடுப்பு போகும்போதே கையைத் திறந்துவிடுவார். பயந்து விடுவதுபோல இருக்காது. பேருந்தில் இருந்து இறங்குகிற மாதிரி இறங்குவார்.

சில நாட்களில், அவர் தலை தண்ணீரில் படும் முன்பே என் கொடி மேலே இருக்கும்.

காற்றுக் காலம் வந்தது. கொழும்பு ஆள் போய்விட்டார், அவருக்குக் கொழும்பில் வேலை இருந்தது. நான் பழையபடி பட்டம் பிடித்தேன். மன்னாரில் இருந்து இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். போகவில்லை. ராத்தா காரணம் கேட்டபோது சோற்றுத் தட்டை நீட்டினேன். அவளும், நாட்கள் போகட்டும் என்பதுபோல, மீன் ஆணக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுபடி அதே களப்பு

காற்று விழுந்ததும் அடுத்த பந்தயத்துக்குப் பெயர் எழுதினார்கள். முதலாளி கொழும்புக்கு ஆள் அனுப்பியதாகத் தெரியவில்லை. மிஸ் ஒரு தாளில் என் பெயரை எழுதிவிட்டு, மனுவேலைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

மனுவேலின் வீட்டுக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நான் வந்த காரணம் தெரிந்ததும் ஊசியைக் கீழே வைக்காமலே, வேறு ஆளைப் பார் மச்சான் என்றான். நான் அவனிடம் ஒன்றை மட்டும் சொன்னேன். என் கையைப் பார்க்காதே, முழங்காலைப் பார் என்றேன். அவன் யோசித்தான். அவன் மனைவி உள்ளே இருந்து, தேசிக்காய் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று குரல் கொடுத்தாள்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தயத்தில் ஆறு போட்டில் நாங்கள் ஐந்தாவது. நடுவர் என் பெயருக்கு எதிரே ஒரு நேரத்தை எழுதினார். பார்த்தால் வெட்கப்படும் நேரம்தான். மிஸ் அந்தத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்கினார்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது சுற்றைப் பற்றி.

தூரத்து மிதவையைத் திரும்பிக்கொண்டிருந்தோம். மூன்றாவது இடத்தில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் போன போட்டின் அலை ஒன்று நான் எதிர்பாராத பக்கத்தில் இருந்து வந்தது. முழங்காலில் அந்தத் தளர்ச்சி வந்தது. இடுப்பு ஒரு விரல் பின்னால் போனது. போகிறேன் என்று தெரிந்தது.

இரண்டு கையும் திறந்தன.

நான் திறந்தேன் என்று சொல்லமாட்டேன். திறந்தன. கயிறு என்னை விட்டுப் போனது. ஒரு முறை புரண்டு, இரண்டு முறை தண்ணீரில் அடிபட்டு, மிதந்து நின்றேன். மூக்கில் தண்ணீர் ஏறவில்லை. தோள் தன் இடத்தில் இருந்தது. போட்டின் சத்தம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது, அதில் செம்மஞ்சள் கொடி மேலே நின்றது.

அந்த இடத்தில் களப்பு ஆழமில்லை. கழன்ற பலகையை எட்டிப் பிடித்துக்கொண்டு, கால் தட்டுப்படுகிறதா என்று பார்த்தேன். தட்டுப்பட்டது. கடற்புல்லுக்குள் கால் புதைய, நெஞ்சளவு தண்ணீரில், நடுக் களப்பில் ஹெல்மட்டோடு நின்றேன். இரண்டு போட் என்னைத் தாண்டிப் போயின. ஒன்றில் இருந்தவர் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

யாருடைய உள்ளங்கையும் உரியவில்லை. அதை நினைத்தது நினைவிருக்கிறது.

மச்சான் போட்டை வளைத்துக்கொண்டு வந்தார். மனுவேல் இன்னும் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தான், இறக்க மறந்துவிட்டான். பக்கத்தில் வந்ததும், நடுவருக்கே கேட்கவேண்டும் என்பதுபோலச் சத்தமாகக் கேட்டான்.

"விழுந்தியா?"

"ஓம், விழுந்தன்," என்றேன். "கயித்தத் தா."